மனத்துக்குள் மோதும் எதிர்நிலைகளை இணைப்பது என்று சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் சொல்வது நடுவழியைப் பிடிப்பதுதானா?

இல்லை. நடுவழி என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிரச்சினையை முடித்துவிடலாம். யுங் கேட்பது அதைவிடக் கடினம்: எந்தப் பக்கத்தையும் கைவிடாமல் அந்த இழுபறியைத் தாங்க வேண்டும்.

மனத்துக்கு ஆற்றல் வருவதே எதிர்நிலைகளின் இழுவிசையால்தான் என்பது அவர் கருத்து. நனவு மனம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், ஒதுக்கப்பட்டது அழிந்துபோவதில்லை. நமக்குத் தெரியாமல் இயங்கும் மனப்பகுதியான நனவிலியில் கிடந்து வலுவேறி, ஒருநாள் ஆளையே புரட்டிப்போடும். இதற்கு எனான்டியோட்ரோமியா என்று பெயர். கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிட்டஸின் சிந்தனையிலிருந்து யுங் எடுத்துக்கொண்டது. 1921-இல் வெளிவந்த நூலில் பவுலை இதற்கு உதாரணம் காட்டுகிறார். கிறிஸ்தவர்களை வேட்டையாடியவர் கிறிஸ்துவின் அப்போஸ்தலர் ஆனார். ஆனால் இந்த மாற்றத்தையே இணைப்பு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவினால் ஒருதலைச்சார்பு போய்விடுமா?

இணைப்பு எப்படி நடக்கிறது என்பதை 1916-இல் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்குகிறார். கனவு, கற்பனை, ஓவியம் வழியாக நனவிலியைப் பேசவிட வேண்டும். நனவு மனம் அதற்குப் பணிந்துவிடாமல் பதில் சொல்ல வேண்டும். இருவரும் எதிரெதிரே நிற்கும் அந்த அழுத்தத்தில் மூன்றாவது ஒன்று பிறக்கும். யோசித்து அதை வரவழைக்க முடியாது.

அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது ஊருக்கே போய்விடுவதா, சென்னையில் வேலையைத் தொடர்வதா என்று தவித்தேன். பாதி அங்கே, பாதி இங்கே என்று இருந்து பார்த்ததில் இரண்டு இடத்திலும் நான் இல்லை. இரண்டுமே என் ஆசைதான் என்று ஏற்றுக்கொண்டு, முடிவெடுக்காமல் அந்தத் தவிப்போடு இருந்த நாட்களில்தான் ஒன்று புரிந்தது. கவனித்துக்கொள்ள அண்ணன் இருந்தார். என்னை இழுத்தது அப்பாவோடு பேசாமல் விட்ட பேச்சு. அதன்பிறகு தினமும் இரவில் போனில் அவரோடு பேச ஆரம்பித்தேன். ஊரா வேலையா என்ற கணக்கில் இந்தப் பதில் இருக்கவே இல்லை.

நல்லதும் கெட்டதும் ஒன்று என்றும் இதற்குப் பொருள் இல்லை. எனக்குள் இருக்கும் கோபத்தை அறிவது வேறு, அதன்படி நடப்பது வேறு.

இன்பம்-துன்பம் போன்ற இரட்டைகளைக் கடந்த நிலையைப் பற்றிக் கீதையிலும் உபநிடதங்களிலும் யுங் படித்திருந்தார்; 1937-38-இல் இந்தியாவுக்கும் வந்தார். ஆனாலும் மனிதர்களிடமிருந்தோ தன்னிடமிருந்தோ இயற்கையிடமிருந்தோ விடுபட விரும்பவில்லை என்று பின்னாளில் எழுதினார். நம் மரபில் வளர்ந்த எனக்கு அது முதலில் ஒப்பவில்லை. இப்போது இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் பக்கம்தான்.