மகரத்துக்கு இறக்கை இல்லை

வணக்கம் ஐயா,

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. நான் இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வரும் வருடம் கும்பாபிஷேகம். முன்வாசலுக்கு மேலே ஆறடி அகலத்தில் மகர தோரணம் கட்டுகிறார்கள், இரண்டு பக்கமும் மகரம் என்ற புராண மிருகம் இருக்கும் வளைவு அது. போன கிழமை அதைச் செய்கிற பாஸ் (மேஸ்திரி) வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். இரண்டு பக்கமும் இறக்கை, தலையில் மான்கொம்பு, வாயில் நெருப்பு. தோட்டத்துப் பிள்ளைகள் ‘டிராகன்’ என்கிறார்கள். ஃபோனில் தேடி எடுத்த படத்தைப் பார்த்துத்தான் செய்தேன் என்கிறார் பாஸ். தலைவரோ, “இது விகாரையில இருக்கிற சாமான். நமக்கு எதுக்கு? இடிச்சிட்டு ரெண்டு மயில வைங்க” என்கிறார். பக்கத்து டிவிஷன் கோயிலில் இதேபோல் வைத்தது ஒரே மழைக்காலத்தில் தும்பிக்கை விழுந்து, பெயின்ட்டும் உரிந்து நிற்கிறது. எங்களுடையதில் முதல் பூச்சுதான் முடிந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

இடிக்க வேண்டாம். முதல் பூச்சோடு நிற்கிறது என்பது நல்ல செய்தி. இறக்கையையும் கொம்பையும் எடுத்துவிட்டால் மீதியை வைத்தே நல்ல மகரம் செய்யலாம்.

முதலில் தலைவர் சொன்னதைப் பார்ப்போம். அவரைக் கோயிலுக்குள் கூட்டிப்போய், உற்சவ அம்மனுக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசியின் அடியைக் காட்டுங்கள். பெரும்பாலான திருவாசிகளில் இரண்டு காலுக்கு மேலேயும் வாயைப் பிளந்தபடி ஒவ்வொரு மிருகம் இருக்கும். அந்த வாய்களிலிருந்துதான் வளைவே புறப்படும். அதுதான் மகரம். உச்சியில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு முகம் இருக்கும், அது கீர்த்திமுகம். இத்தனை வருடமாகத் தலைவர் கும்பிட்டு வந்த திருவாசியைத்தான் பாஸ் இப்போது வாசலுக்கு மேலே பெரிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மகரம் தமிழுக்குப் புதிது அல்ல. திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் என்ற தெய்வப் பெண்கள் தலையில் அணிந்திருக்கும் நகைக்கு ‘மகரப் பகுவாய்’ என்று பெயர். பகுவாய் என்றால் பிளந்த வாய். மன்மதன் கொடியில் இருப்பது மகரம். வருணனுக்கும் கங்கைக்கும் அதுவே வாகனம். பெருமாள் காதில் தொங்குவது மகரக்குழை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் உள்ள மாடங்களுக்கு மேலேயும் மகர தோரணம்தான். விகாரை வாசலில் இருப்பதும் இதே மிருகம்தான். ஒரே மரத்தின் இரண்டு கிளைகள். ஒன்றை மற்றதன் பெயரைச் சொல்லி வெட்ட வேண்டியதில்லை.

மலையகத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில் கடலாதெனிய விகாரை 1344-ல் கட்டப்பட்டது. கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேசுவராசாரி. தென்னிந்தியக் கோயில் கட்டும் முறையில், கருங்கல்லில் எழும்பிய கட்டடம் அது. அதே ஆண்டில் எழுந்த லங்காதிலக விகாரையைக் கட்டியவர் ஸ்தபதி ராயர். அங்கே புத்தரோடு பிள்ளையாருக்கும் கந்தனுக்கும் விபீஷணனுக்கும் இடம் உண்டு, பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. கொஞ்சம் தள்ளி எம்பெக்க தேவாலயம். அது கதிர்காமக் கடவுளின் கோயில். அதன் மரத் தூண்களில் இருதலைப் பறவை, பின்னிய அன்னம், சிங்கம் எல்லாம் இருக்கின்றன. மூன்றும் சில கிலோமீட்டருக்குள் அடங்கும். அட்டன், நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போனால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். தலைவரையும் பாஸையும் ஒரே வேனில் ஏற்றுங்கள். ஃபோன் படம் நூறு பார்ப்பதைவிட, அரை நாள் கல்லுக்கு முன்னால் நிற்பது பாஸுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

பாஸ் மேல் கோபப்படாதீர்கள். மகர தோரணத்தை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பலரும் ‘டிராகன் தோரணம்’ என்றே எழுதிவைத்தார்கள். அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் ஃபோன் கேம்களில் வரும் மிருகம்தான் முன்னால் வந்து நிற்கும். வௌவால் இறக்கை ஐரோப்பிய டிராகனுடையது. மான்கொம்பு சீன டிராகனுடையது. உங்கள் வாசலில் இரண்டும் சேர்ந்து ஏறிவிட்டன. தோட்டத்துக் கோயில்கள் பலவும் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாகத் தொடங்கியவை. சாந்து பூசிச் செய்யும் சுதைச் சிற்பம் அங்கே பிற்பாடு வந்தது. பார்த்துச் செய்யப் பக்கத்தில் பழைய மாதிரி இல்லாதபோது, கைவேலைக்காரர் ஃபோனைத்தான் நம்புவார்.

மகரத்தின் உறுப்புக் கணக்கைக் கண்டிச் சிற்பிகள் ஒரு செய்யுளாகவே வைத்திருந்தார்கள். கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி 1908-ல் வெளியிட்ட நூலில் அது இருக்கிறது. யானையின் துதிக்கை, சிங்கத்தின் பாதம், பன்றியின் காது, மீனின் உடல், அனுமனின் கண், வெளியே துருத்திய பல், அழகான வால். இதில் இறக்கையும் இல்லை, கொம்பும் இல்லை. தாடையை முதலையின் தாடைபோல நீளமாக வைப்பது வழக்கம். வால் மீன்வாலாக முடியாமல் கொடியும் இலையுமாகச் சுருண்டு விரியும். அந்த வாலில்தான் ஒவ்வொரு சிற்பியின் கையும் தெரியும். பாஸை அங்கே அவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மகரம் நீர்வாழ் மிருகம். அதன் வாயிலிருந்து கொடி வரலாம், முத்துச்சரம் வரலாம், சிறு சிங்கம் வரலாம், தோரணத்தின் பட்டை வரலாம். தீ வராது. சுடருக்குத் தோரணத்திலேயே வேறு இடம் இருக்கிறது, வளைவின் வெளி ஓரம். திருவாசியின் விளிம்பில் வரிசையாக நிற்கிறதே, அதேபோல. பாஸ் செய்த தீநாக்குகளை அச்சாக வைத்து அந்த ஓரத்துக்கு மாற்றிவிடலாம்.

இன்னொன்று. மகரம் பக்கவாட்டில் பார்க்க வேண்டிய மிருகம். கீர்த்திமுகம் நேரே பார்க்க வேண்டியது. உங்கள் படத்தில் இரண்டு மகரமும் முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கின்றன. பாதிக் குழப்பம் அதனால்தான். அப்படித் திரும்பினால் தும்பிக்கை மூக்காகச் சுருங்கிவிடும், தாடையின் நீளம் தெரியாது. பக்கவாட்டில் திருப்பினால் யாரும் டிராகன் என்று சொல்லமாட்டார்கள்.

இனி வேலைமுறை. பிரவுண் பேப்பரை ஒட்டி ஆறடி அகலத்தில் ஒரு தாள் செய்யுங்கள். நடுவில் மடித்து, ஒரு பாதியில் மட்டும் முழு அளவில் வரைந்து, வெட்டி விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். கண்ணளவில் செய்தால் வலது மகரம் எப்போதும் கொஞ்சம் பருத்துவிடும். உங்கள் அகலத்துக்கு நான் வைக்கும் அளவு இது: தும்பிக்கையை விட்டுத் தலை 10 அங்குலம், அதில் வாய்ப்பிளப்பு 5 அங்குலம், கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம்வரை 12 அங்குலம், உச்சி முகம் 14 அங்குல அகலம். தலையும் உடலும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். தலை சிறுத்து உடல் நீண்டால் பல்லியாகிவிடும்.

கொம்பையும் இறக்கையையும் சுத்தியலால் தட்டாதீர்கள், அதிர்ச்சியில் உள்பூச்சு சுவரை விட்டுக் கழன்றுவிடும். கிரைண்டரால் அறுத்தெடுங்கள். அறுத்த இடத்தில் கம்பி முனை தெரிந்தால் அரை அங்குலம் உள்ளே வெட்டிவிட்டு மூடுங்கள். பிறகு மேற்பரப்பைச் சுரண்டி, நனைத்து, சீமெந்துப் பால் (தண்ணீரில் கரைத்த சீமெந்து) தடவி, அது காய்வதற்குள் அடுத்த பூச்சைப் போட வேண்டும். உருவம் ஏற்றும் பூச்சுக்கு ஒரு வாளி சீமெந்துக்கு மூன்று வாளி ஆற்றுமணல். கண், பல், செதில் போன்ற நுணுக்கத்துக்குச் சலித்த மணல் இரண்டு வாளி. சீமெந்து கூடினால் வெடிப்பும் கூடும், ஆகவே நுணுக்கப் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். எந்தப் பூச்சும் ஒரே தடவையில் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தடிப்பாக அப்பினால் தன் கனத்திலேயே சரியும், அல்லது உள்ளே ஈரம் நிற்க வெளியே காய்ந்து பிளக்கும். ஒவ்வொரு பூச்சையும் ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள். கடைசிப் பூச்சுக்கு ஏழு நாளாவது சாக்கு இருக்கட்டும். மூடுபனி இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மத்தியான வெயிலும் காற்றும் ஒரு மணி நேரத்தில் பூச்சைக் கெடுத்துவிடும்.

பக்கத்து டிவிஷனில் தும்பிக்கை ஏன் விழுந்தது? படத்தைப் பார்க்காமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரண்டு அங்குலத் தடிப்பில் தும்பிக்கை, உள்ளே சாதாரண இரும்புக் கம்பி. கம்பியைச் சுற்றி ஓரங்குலமாவது சீமெந்து இருந்தால்தான் ஈரம் எட்டாது. மெல்லிய தும்பிக்கையில் அதற்கு இடமே இல்லை. ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் பிடிக்கும், அது உள்ளேயிருந்து தள்ள, நீளவாக்கில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் அடுத்த மழை இறங்கும். அப்புறம் தும்பிக்கை கீழே.

பழைய கல்சிற்பிகளுக்குக் கம்பியே இல்லை. அவர்கள் செய்த தும்பிக்கையைக் கவனியுங்கள். வெளியே நீட்டாமல் மேல்நோக்கிச் சுருட்டி, நுனியை மகரத்தின் நெற்றியிலோ மேல்தாடையிலோ தொட வைத்திருப்பார்கள். அழகுக்காக என்று தோன்றும். அந்தத் தொடுகைதான் அதைத் தாங்குகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: தும்பிக்கை தொடங்கும் இடத்தில் மூன்றரை அங்குலத் தடிப்பு, நுனி நெற்றியோடு ஒட்டியது, உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. தேவைப்படுவது சில அடிதான், செலவு பெரிதாக வராது. சுவரில் துளை போட்டு மூன்று அங்குலமாவது உள்ளே இறக்கிப் பதிக்க வேண்டும்.

பிளந்த வாய் இன்னொரு ஆபத்து. மழைநீர் அங்கே குட்டையாக நிற்கும், முதலில் பாசி பிடிப்பதும் அங்கேதான். கீழ்த்தாடையின் உட்புறத்தை வெளிப்பக்கம் சரிவாக வையுங்கள். வரிசைப் பல் தண்ணீரை மறித்தால் இரண்டு பல்லுக்கு நடுவே பென்சில் தடிப்பில் ஒரு வழி விடுங்கள். தாடையின் அடிவிளிம்பில் விரலால் ஒரு பள்ளக்கோடு இழுத்தால் தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிவிடும்.

உச்சியில் உள்ள கீர்த்திமுகத்தில் பாஸ் கீழ்த்தாடை வைத்து, தொங்கும் நாக்கும் வைத்திருக்கிறார். இரண்டையும் எடுங்கள். சலந்தரன் என்ற அசுரன் அனுப்பிய ராகுவை விழுங்கச் சிவன் உண்டாக்கிய பூதம் அது. ராகு சரணடைந்துவிட, பசிக்கு என்ன செய்வேன் என்று கேட்டது. உன்னையே தின்னு என்றார் சிவன். காலிலிருந்து தொடங்கித் தின்று முகம் மட்டும் மிஞ்சியது. அந்த முகத்துக்குக் கீர்த்தி என்று பெயர் கொடுத்து வாசலுக்கு மேலே வைத்தார். மேல்வரிசைப் பல்லோடு முகம் முடிந்து, அதன் கீழே வெறுமை இருக்க வேண்டும். அந்த வெறுமையிலிருந்துதான் தோரணத்தின் கொடிகள் இரண்டு பக்கமும் இறங்கும். தாடை வைத்தால், புதுவீட்டுக்கு முன்னால் கட்டுகிற திருஷ்டி பொம்மையாகிவிடும். காவல் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான், கோயிலுக்கு உரிய முகம் இது.

பெயின்ட்டுக்கு அவசரப்படாதீர்கள். புதுச் சீமெந்தில் காரம் அதிகம், அதன் மேல் நேரே எனாமல் அடித்தால் எண்ணெயைக் காரம் தின்று பெயின்ட் தோலாக உரியும். கடைசிப் பூச்சிலிருந்து 28 நாள் விடுங்கள். உங்கள் பக்கத்து ஈரத்துக்கு அதுவும் போதாமல் போகலாம். ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். அதன் பிறகு காரம் தாங்கும் பிரைமர் ஒன்று, வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு.

காலமும் முக்கியம். மஸ்கெலியாவில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வேலையை வையுங்கள், உங்கள் பக்கம் நல்ல தேயிலை வருகிற காய்ந்த மாதங்கள் அவைதான். பதுளைப் பக்கத்து வாசகர்கள் யாராவது இதைப் பார்த்துச் செய்வதானால், அவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்.

நிறத்தைக் கோயில்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் கண்டி ஓவியர்களின் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு நான்கே போதும். தூரத்திலிருந்து, மூடுபனிக்குள்ளும் உறுப்புகள் பிரிந்து தெரியும். பத்து நிறத்தைக் குழைத்து அடித்தால் பனியில் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும்.

பாஸ் அடுத்த பூச்சைத் தொடங்குவதற்கு முன் வெட்டிய தாளைச் சுவரில் ஒட்டி ஒரு படமும், இடது மகரத்தைப் பக்கவாட்டில் ஒரு படமும் அனுப்பச் சொல்லுங்கள். தும்பிக்கை நெற்றியைத் தொடுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.