மருந்தடித்தபோது நேர்ந்த நச்சுப் பாதிப்பு: பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்

கேள்வி: என் கணவருக்கு 45 வயது. களக்காடு பக்கத்து வாழைத் தோட்டங்களில் கூலிக்கு மருந்தடிப்பவர். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மேஸ்திரி கூட்டிப்போன தோட்டத்தில் தண்டு வண்டுக்கு மருந்தடித்தபோது, மலைக்காற்று திரும்பி முகத்தில் அடித்தது. முதுகில் இருந்த தெளிப்பானும் ஒழுகிச் சட்டை நனைந்துவிட்டது. வாந்தியெடுத்து மயங்கியவரை முதலில் ஒரு தனியார் மருத்துவமனையிலும், பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலும் சேர்த்தோம். எட்டு நாளில் வீடு திரும்பினார். இப்போது பாதங்கள் மரத்து, நடை தள்ளாடுகிறது. தோட்டக்காரர் 5,000 ரூபாய் கொடுத்துவிட்டு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். மேஸ்திரி தனக்குச் சம்பந்தமில்லை என்கிறார். முகத்தில் துணி கட்டாதது இவருடைய தவறு என்றும் சொல்கிறார்கள். வழக்குப் போடப் பணமில்லை. நாங்கள் யாரைப் பார்ப்பது?

பதில்: அந்தப் பத்திரத்தில் நீங்களோ உங்கள் கணவரோ கையெழுத்திட வேண்டாம். வேலையில் நேர்ந்த பாதிப்புக்கான இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. ஆனாலும் அப்படியொரு தாள் எதிர்த்தரப்பின் கையில் இருந்தால், அது எப்படி எழுதப்பட்டது, யார் முன்னிலையில் எழுதப்பட்டது என்று விளக்குவதிலேயே பல மாதங்கள் போய்விடும். 5,000 ரூபாயை வாங்கியதில் தவறில்லை. ரசீது கேட்டால், மருத்துவச் செலவுக்காகப் பெற்றுக்கொண்டது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

சட்டத்துக்கு முன்னால் உடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டிலில் இருந்த மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் வகையாக இருந்தால், நரம்புகள் சீராக இயங்கத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை அது முடக்கிவிடும். வியர்வை, எச்சில், வாந்தி, கண்மணி சுருங்குதல் எல்லாம் அதனால் வருபவை. இவை அடங்கி நோயாளி வீடு திரும்பிய பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்துக் காலில் தொடங்கும் நரம்புத் தளர்ச்சி ஒன்று உண்டு. உங்கள் கணவரின் பாதம் மரத்திருப்பது அதுதானா என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆகவே நாளைக்கே ஹைகிரவுண்டுக்குத் திரும்பப் போய், மருந்தடித்ததையும் அதற்குப் பின் நடந்ததையும் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள். இப்போது உடனே கணக்கை முடிக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம். எவ்வளவு வேலைத்திறன் போயிற்று என்று தெரியாத நிலையில் எழுதப்படும் எந்தத் தொகையும் குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்ததாக, எல்லாவற்றையும்விட முக்கியமாக, மருத்துவமனைப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பூச்சிமருந்து நச்சோடு ஒருவரைத் தூக்கி வந்தால், குடித்துவிட்டாரோ என்ற ஐயம்தான் நம் ஊர்ப் பக்கம் முதலில் எழுகிறது. பதற்றத்தில் உடன் வந்தவர் ‘மருந்து உள்ளே போயிட்டு’ என்று சொன்னதைக்கூட, பணியில் இருப்பவர் குடித்ததாக எழுதிவிடக்கூடும். விபத்துப் பதிவேட்டில் உள்ள அந்த ஒற்றை வரியைக் காட்டி, இது வேலையில் நேர்ந்ததே இல்லை என்று வாதாடுவார்கள். ஆகவே இரு மருத்துவமனைகளிலும் விபத்துப் பதிவேட்டு நகல், சிகிச்சைச் சுருக்கம், கோலினெஸ்டரேஸ் உள்ளிட்ட இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். குடித்தார் என்று பதிவாகியிருந்தால் மனம் உடைய வேண்டாம். வேலை நேரத்தில் தோலிலும் மூச்சிலும் ஏறியது என்பதை விளக்கி மருத்துவமனைக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரை பெறுங்கள். பக்கத்து வரிசையில் மருந்தடித்தவர்கள், தூக்கி வந்தவர்கள், ஆட்டோ ஓட்டியவர் ஆகியோரின் பெயரையும் கைபேசி எண்ணையும் இப்போதே குறித்து வையுங்கள். குடிக்காமலேயே தெளிப்பு மருந்து உயிரை வாங்கும் என்பது புதிதல்ல. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் அப்படித்தான் இறந்தார்கள்.

அன்று போட்டிருந்த சட்டையைத் துவைத்திருக்காவிட்டால் துவைக்காமல் ஒரு பையில் கட்டி, பிள்ளைகள் கைபடாத இடத்தில் வையுங்கள். காலிப் பாட்டில் கிடைத்தால் லேபிளை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். மருந்தின் பெயர், தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண், நச்சின் தரத்தைக் காட்டும் முக்கோணத்தின் நிறம் ஆகியவை தெரிய வேண்டும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. ஒழுகிய தெளிப்பானையும் யாராவது படம் எடுத்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறேன். 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், தோட்டத்திலும் வயலிலும் பூச்சிமருந்து தெளிப்பவரைப் பெயர் சொல்லியே தன் அட்டவணையில் சேர்த்திருந்தது; ஆர்கனோபாஸ்பரஸ் நச்சுப் பாதிப்பைத் தொழில்சார் நோய்களின் பட்டியலிலும் வைத்திருந்தது. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல், 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. மனுவை எந்தச் சட்டப்பிரிவின் கீழ் எழுதுவது என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். நீங்கள் மனத்தில் வைக்க வேண்டியது காலக்கெடு ஒன்றைத்தான்: விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை மனு பதிவாக வேண்டும். அதற்கு முன்பே, முடிந்த அளவு விரைவில், தோட்டக்காரருக்கும் மேஸ்திரிக்கும் நடந்ததைத் தெரிவித்து, ஒப்புகை பெறும் வகையில் அஞ்சலில் ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். மேஸ்திரி மூலம் ஆள் எடுத்ததால் தோட்டக்காரர் தப்பிவிட முடியாது. தன் தொழிலுக்காக ஒப்பந்தக்காரர் வழியே வேலை வாங்கியவரிடமும் இழப்பீடு கோரலாம். கொடுத்ததை அவர் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவரின் விவகாரம்.

முகத்தில் துணி கட்டவில்லை என்ற வாதத்தைக் கேட்டு நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்ட கருவியைத் தொழிலாளி வேண்டுமென்றே ஒதுக்கியிருந்தால்தான் அந்த வாதத்துக்கு இடமுண்டு. கொடுக்காத கையுறையை ஒருவர் எப்படிக் கழற்றி வைக்க முடியும்? மருந்து தெளிப்பவருக்கு உரிய பாதுகாப்பு உடை இருக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. சாதாரணத் துண்டைக் கட்டியிருந்தாலும் அது நனைந்து மருந்தை முகத்தோடு ஒட்டி வைத்திருக்குமே தவிர, தடுத்திருக்காது.

தொகை எவ்வளவு வரும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் 5,000 ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கைத் தருகிறேன். மாதக் கூலி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் 7,200. அட்டவணைப்படி 45 வயதுக்கு உரிய காரணி 169.44, இரண்டையும் பெருக்கினால் 12,19,968 ரூபாய். இது முழு நிரந்தர ஊனத்துக்கான தொகை. வேலைத்திறனில் 30 சதவீதம் நிரந்தரமாகப் போனதாக மருத்துவர் மதிப்பிட்டால், ஏறத்தாழ 3,66,000 ரூபாய் வரும். சிகிச்சைக்கு ஆன உண்மைச் செலவைத் தனியே பெறலாம் என்பதால் மருந்துக்கடை ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள். உரிய காலத்தில் கொடுக்காமல் இழுத்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் சேரும். தினக்கூலிக்கு ஆவணம் இருக்காது என்பது தெரிந்ததுதான். கூலி வந்த கைபேசிப் பணப்பரிமாற்றம், மேஸ்திரியின் நோட்டு, உடன் வேலை செய்தவரின் சாட்சியம் எல்லாம் செல்லும்.

பணத்தைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நாங்குநேரி போன்ற வட்ட நீதிமன்றங்களில் அதன் வட்டக் குழுக்கள் உள்ளன. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமலும், குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களுக்கும் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். கோரிக்கை உங்கள் கணவருடையது என்பதால் அவருடைய ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றோடு போங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணில் பேசலாம். மனு போகும் இடம், திருநெல்வேலியில் இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரியின் அலுவலகம். இதே பாதிப்புக்கு உரிமையியல் நீதிமன்றத்திலும் தனியாக வழக்குப் போட்டு இரண்டையும் நடத்த முடியாது. உங்கள் நிலையில் தொழிலாளர் துறை வழியே எளிது என்பது என் கருத்து. மருத்துவமனை வாசலில் வந்து, கிடைப்பதில் பாதி தருவதாக எழுதிக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். வழக்கில் வரும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர்களுக்கான நடத்தை விதிகளிலேயே தடுக்கப்பட்டிருக்கிறது.

முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உங்கள் கணவர் விவசாயத் தொழிலாளியாகப் பதிந்திருக்கிறாரா என்பதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றும் எனக்குப் புரிகிறது: அதே ஊரில், அதே தோட்டங்களை நம்பித்தான் நாளைக்கும் பிழைக்க வேண்டும். மனுப் போடுவதாலேயே சமாதானத்தின் கதவு அடைபடாது. தோட்டக்காரர் நியாயமான தொகைக்கு இசைந்தால், அதை ஒப்பந்தமாக எழுதி அந்த அதிகாரியிடமே பதிவு செய்யலாம். தொகை போதாது என்று அவருக்குத் தோன்றினால் பதிய மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. பேச வருபவர்களிடம், அங்கே வைத்துப் பேசுவோம் என்று மட்டும் சொல்லுங்கள்.