மேற்கோள் குறிக்காகத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் பைத்தான் மென்பொருள் ஒன்றை நான்கு ஆண்டுகளாகத் திறமூலமாக நடத்திவருகிறேன். தாம்பரத்தில் படிக்கும் ஒரு மாணவி, ஒகர, ஔகார எழுத்துகள் குழம்பும் பிழையைச் சரிசெய்து அனுப்பினார். மேற்கோள் குறி, வரி நீளம், ஸ்பேஸுக்குப் பதில் டேப் என மூன்று முறை திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு அவர் வரவேயில்லை. விதிகள் எல்லாம் வழிகாட்டிக் கோப்பில் தெளிவாக இருக்கின்றன. அவற்றைத் தளர்த்தினால் நிரல் குப்பையாகிவிடாதா? நான் செய்தது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வேளச்சேரி

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

விதி வைத்தது தவறில்லை. பல கைகள் எழுதும் நிரல் ஒரே நடையில் இருந்தால்தான் புதிதாக வருபவரும் தடுமாறாமல் படிக்க முடியும். மூன்று முறையும் விதியை மட்டுமே பேசியதுதான் தவறு.

அந்த மாணவி கைவைத்த இடம் எளிதானதல்ல. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ‘கொ’ கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே பதிவாகியிருக்கும்: முதலில் கொம்பு, அடுத்து ககரம், கடைசியில் கால். யூனிகோடில் ககரம் முன்னால் வரும், ஒகரக் குறி அதன் பின்னால். இடம் மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் சில எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே குறியீடுதான். ‘கௌரவம்’ சரியாக வரவேண்டும்; அதே விதி ‘தெளிவு’ என்ற சொல்லைச் சிதைத்துவிடவும் கூடாது. இதற்குத் தமிழும் தெரிய வேண்டும், நிரலும் தெரிய வேண்டும். வகுப்புகளுக்கும் தேர்வுகளுக்கும் நடுவே ஒருவர் இதை எழுதி அனுப்புகிறார். அவருக்குக் கிடைத்த முதல் பதில், ஒற்றை மேற்கோளை இரட்டையாக்குங்கள் என்பது. தீர்த்த சிக்கலைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீங்கள் அதைப் படித்தீர்களா என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

பத்திரிகை அலுவலகத்தில், ஒற்று விட்டுப்போனதற்காக நல்ல கதையை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் திருத்திவிடுவார்; கதை எழுதியவர் பெயரிலேயே வெளிவரும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியிலும் அப்படித்தான். நிரலை எழுதியவர் பெயரும் அதைச் சேர்த்தவர் பெயரும் தனித்தனியாகவே பதிவாகின்றன. இடைவெளியை நீங்களே சரிசெய்து சேர்த்தாலும் உழைப்பு அவர் பெயரில்தான் நிற்கும்.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருளுக்கு முதன்முதலாக ஒரு திருத்தம் அனுப்பினேன். ‘டேப் கூடாது’ என்ற இரண்டே சொற்களில் பதில் வந்தது. டேப்பை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால், அந்த இடம் எனக்குரியதல்ல என்று தோன்றிவிட்டது. மாற்றவில்லை, திரும்பிப் போகவுமில்லை. உங்கள் மாணவியின் மௌனத்தை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த விதிகள் எவையும் இயற்கை நியதிகளும் அல்ல. பைத்தானுக்காக 2001இல் எழுதப்பட்ட பெப் 8 (PEP 8) என்ற நடைக் கையேடு வரித் தொடக்கத்தில் நான்கு ஸ்பேஸ் என்கிறது, வரிக்கு 79 எழுத்து என்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் டேப்தான், அதுவும் எட்டு இட அகலம். அங்கேயே, நீளமான வரிக்கு எச்சரிக்கை தரும் எல்லை 2020இல் 80இலிருந்து 100 ஆனது. எல்லோரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு என்பதே இவற்றின் மதிப்பு. அந்த ஏற்பாட்டைக் காவல்காக்க மனிதர் தேவையில்லை. கோ (Go) என்ற நிரல்மொழி 2009இல் வெளியானபோதே நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவியுடன்தான் வந்தது. பைத்தானுக்கு பிளாக் (Black) என்ற அத்தகைய கருவி இருக்கிறது. அதன் வரி நீளம் 88. உங்கள் நிரல் முழுவதையும் ஒருமுறை அதில் ஓட்டி, தனி கமிட்டாக, அதாவது கிட்டில் ஒரு தனிப் பதிவாகச் சேர்த்துவிடுங்கள். புதிதாக வருபவற்றையும் அதுவே சீராக்கட்டும். நிரல் குப்பையாகாது.

நிரலில் ஒரு மாறிக்கு (variable) வைத்த பெயர் பொருளை மறைக்கிறது, சோதனை எழுதப்படவில்லை என்பவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும், கருவியால் முடியாது. அவற்றையும் நன்றிக்குப் பிறகு, காரணத்தோடு சொல்லுங்கள்.

இப்போது அந்த மாணவிக்கு எழுதுங்கள். வழிகாட்டிக் கோப்பை நினைவூட்ட வேண்டாம். இப்படி இருக்கலாம்: “நீங்கள் அனுப்பிய திருத்தத்தை இப்போதுதான் முழுமையாகப் படித்தேன். ஔகாரத்தையும் ளகரத்தையும் பிரித்த விதம் நன்றாக இருக்கிறது. இடைவெளிகளை நானே சரிசெய்து, உங்கள் பெயரில் சேர்த்துவிட்டேன். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். மன்னியுங்கள்.” ஆனால் திருத்தத்தை உண்மையிலேயே படித்து, சேர்த்துவிட்டு இதை அனுப்புங்கள். அவர் பதில் எழுதாமலும் போகலாம். அது அவர் உரிமை.

சேர்த்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். எங்கள் இதழின் பழைய கோப்புகள் பல இன்னும் யூனிகோடுக்கு மாறாமல் கிடக்கின்றன. அவற்றில் ‘கௌரவம்’ வரும் இடங்களை நாங்கள் இதுவரை கையால்தான் திருத்திவருகிறோம்.