பி.காம். முடித்திருக்கிறேன், வரைய வராது, வீட்டில் யாரும் இந்தத் தொழிலில் இல்லை. ஃபேஷன் துறையில் வேலை தொடங்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். நான் படித்தது பி.எஸ்சி. கணிதம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசிங் உதவியாளராகச் சேர்ந்தேன். இப்போது சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தயக்கங்களையும் என்னிடம் வேலை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். அந்த மூன்றுக்காக நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. திருப்பி அனுப்பியவர்கள் எல்லோரும் வேறு ரகம். ஃபேஷன் பிடிக்கும் என்பார்கள், போட்டிருக்கிற டி-ஷர்ட்டின் தோள் எந்த மெஷினில் தைத்தது என்று கேட்டால் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

வரைவது இந்தத் துறையில் ஒரு சின்னப் பகுதிதான். நூல் வாங்குவது, நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க முன்பே அழுத்திச் சுருக்குவது), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு டி-ஷர்ட் அட்டைப் பெட்டிக்குள் போவதற்குள் அத்தனை கை மாறுகிறது. இந்த ஒவ்வொரு இடத்திலும் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. பையருக்கும் (ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர்) ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இதையெல்லாம் ஒரே தேதியில் கொண்டுவந்து சேர்ப்பவர் மெர்ச்சன்டைசர். பி.காம். படித்தவருக்கு நான் முதலில் சொல்வது அந்த இடத்தைத்தான். ஏனென்றால் அந்த வேலையின் அடிப்படை விலைக் கணக்கு.

ஒன்றைப் போட்டே காட்டுகிறேன். ஆண்களுக்கான எம் சைஸ் ரவுண்ட் நெக் டி-ஷர்ட். உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 20, தையலுக்கும் மடிப்புக்கும் 10, ஆக 100. நெஞ்சளவில் பாதி 52, தையலுக்கு 4, ஆக 56. முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு. 100 × 56 × 2 = 11,200 சதுர செ.மீ. துணி 160 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் 160 கிராம். 11,200 × 160 ÷ 10,000 என்றால் 179 கிராம். சாயத்தில் குறையும் எடை, கட்டிங் வேஸ்ட் என்று 10 சதவீதம் சேர்த்தால் 197. 10,000 பீஸ் ஆர்டருக்குக் கிட்டத்தட்ட 2 டன் துணி வேண்டும். பீஸுக்கு 5 கிராம் குறைத்துப் போட்டுவிட்டால் கடைசியில் 50 கிலோ துணி இல்லாமல் கட்டிங் டேபிள் நிற்கும். அந்த 50 கிலோவை மட்டும் திரும்ப நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் அனுப்பினால் கலர் முதல் லாட்டோடு ஒத்துப்போகாது. இந்தக் கணக்கு உங்களுக்குப் புரிந்துவிட்டது என்றால், வேலைக்கு வருகிற பலரைவிட நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கோர்ஸில் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டை இருக்கிறது. ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் அங்கே மலிவாகக் கிடைக்கும். ஊர் தூரம் என்றால் வீட்டில் இருக்கும் பழைய டி-ஷர்ட்டே போதும். முதலில் அதை அளந்து எழுதுங்கள். தோள் உச்சியிலிருந்து கீழ் மடிப்பு வரை நீளம், அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே நெஞ்சகலம், தோள், கை நீளம், கை வாய், கழுத்து அகலம், கழுத்து இறக்கம். அப்புறம் பிளேடு எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரியுங்கள். தோளும் சைடும் கையும் ஓவர்லாக் மெஷின் வேலை. கை வாயிலும் கீழேயும் வெளியில் இரண்டு வரி, உள்ளே பின்னல் போலத் தெரிவது பிளாட்லாக். லேபிளும் பின்கழுத்து டேப்பும் பெரும்பாலும் சிங்கர். திருப்பூரில் ஒற்றை ஊசித் தையல் மெஷின் எந்தக் கம்பெனி தயாரிப்பாக இருந்தாலும் அது சிங்கர்தான். பிரித்த துண்டுகளை அயர்ன் பண்ணி பிரவுன் ஷீட்டில் வைத்து ஓரத்தை வரைந்துகொள்ளுங்கள். முன்கழுத்தும் பின்கழுத்தும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன, கையின் வளைவு உடலின் வளைவோடு எப்படிச் சேர்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். புத்தகத்தில் படித்தால் இது மண்டையில் ஏறாது. எனக்கும் இப்படித்தான் ஏறியது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் (துணி வெட்டுவதற்கான மாதிரி வடிவங்களை வரைபவர்) ஒருநாள், துவைத்துக் காயவைத்த ஒரு சாம்பிளை மேஜைமேல் விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “அம்மிணி, இதுல என்ன கோளாறு சொல்லு பார்க்கலாம்.” அளந்து பார்த்தேன். எல்லா அளவும் சரியாக இருந்தது. “அளவெல்லாம் சரியாத்தானுங்க மாஸ்டர் இருக்குது” என்றேன். “அளவை உடு. சைடு தையல் எங்க வந்து நிக்குதுன்னு பாரு.” பார்த்தால், அக்குளில் ஒழுங்காகத் தொடங்கிய சைடு தையல் கீழே வரும்போது முன்பக்கம் திரும்பி வயிற்றுக்கு வந்திருந்தது. சிங்கிள் ஜெர்சி என்கிற சாதாரண டி-ஷர்ட் துணியில் நூலின் முறுக்கு, துவைத்ததும் தளர்ந்து துணியையே ஒரு பக்கமாக இழுத்துவிடும். பினிஷிங்கில் சரியாகக் கவனிக்காத துணி என்றால் இன்னும் அதிகம் இழுக்கும். டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும் பையர் அந்தத் துணியைத் திருப்பிவிடுவார். அன்றைக்குப் பிறகு நான் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் பார்ப்பது சைடு தையலைத்தான்.

இப்படி ஒரு மாஸ்டர் கிடைக்கிற இடம், பையர் பார்த்து ஒப்புக்கொள்வதற்கான மாதிரிகளைத் தைக்கும் சாம்பிள் ரூம். அதனால்தான் முதல் வேலை தேடும்போது பெரிய பெயர், சின்னப் பெயர் பார்க்காமல், சாம்பிள் ரூம் உள்ளேயே இருக்கிற கம்பெனியாகப் பாருங்கள் என்கிறேன். வெளிநாட்டு பையர் அனுப்பும் டெக் பேக்கிலிருந்து (படமும் அளவும் விவரமும் உள்ள தாள்கள்) முதலில் புரோட்டோ சாம்பிள் (முதல் மாதிரி), பிறகு அளவு பார்க்கும் ஃபிட் சாம்பிள், எல்லா சைஸிலும் தைக்கும் சைஸ் செட், உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிள் என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் கமென்ட் வரும். “கழுத்து 1 செ.மீ. இறக்கு, தோளை அரை செ.மீ. உள்ளே எடு” என்று வந்ததை மாஸ்டரிடம் கொண்டுபோய், அவர் பேட்டர்னில் பென்சில் வைத்துத் திருத்துவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சாயத்துக்கு லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டுகள் வரும். ஒரே நீலத்தில் ஏ, பி, சி என்று மூன்று துண்டு. வெளிச்சத்தை மாற்றிக் கலர் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து பையர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். துணி வந்ததும் வட்டக் கட்டரால் 100 சதுர செ.மீ. வெட்டித் தராசில் வைப்பார்கள். 1.6 கிராம் காட்டினால் 160 ஜி.எஸ்.எம். இதையெல்லாம் முதல் வருடத்திலேயே உங்கள் கையால் செய்துவிடுங்கள்.

டிசைன் பக்கம்தான் போவேன் என்று இருந்தாலும் இது வேண்டும். குழந்தைகள் ஹூடி ஒன்றை வரைந்து, தலைப்பகுதியில் அழகாக ஒரு கயிறு தொங்கவிட்டால் ஐரோப்பாவில் அது கடைக்கே போகாது. 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடையில் தலை, கழுத்துப் பக்கம் கயிறு கூடாது என்று இ.என். 14682 தரநிலை சொல்கிறது. விளையாடும்போது கயிறு எதிலாவது மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், அதனால் வந்த விதி. அதேபோல, தைக்கும்போது ஊசி உடைந்தால் அத்தனை துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டிய பிறகுதான் டெய்லருக்குப் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அங்கிருக்கும் பீஸ் எல்லாம் தனியே எடுத்து வைக்கப்படும். நாம் தைத்து அனுப்புவதை எங்கேயோ ஒரு குழந்தை போடப்போகிறது. அந்த நினைப்பு உள்ளவர்கள்தான் இந்த வேலைக்கு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படிப்பு பற்றி. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் 1986இல் தொடங்கிய நிஃப்ட் என்கிற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு சென்னை தரமணியில் வளாகம் இருக்கிறது. அங்கே டிசைன் படிப்புகளுக்குத்தான் வரைகலைத் தேர்வும், கையில் பொருள்களைக் கொடுத்து ஒன்றைச் செய்யச் சொல்லும் தேர்வும் உண்டு. பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்கள் சேரும் பி.எஃப்.டெக். என்கிற ஃபேஷன் தொழில்நுட்பப் படிப்புக்கு வரையத் தேவையில்லை. உங்களைப் போல டிகிரி முடித்தவர்களுக்கு எம்.எஃப்.எம். என்கிற இரண்டு வருட ஃபேஷன் மேனேஜ்மென்ட் படிப்பு இருக்கிறது, எந்த டிகிரியும் போதும். செலவு அதிகம் என்பதை மறைக்க வேண்டாம். நான்கு வருட டிசைன் படிப்பு விடுதியோடு சேர்த்து 10 லட்சத்தைத் தாண்டிவிடும். திருப்பூர் முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ நிட்வேர் கல்லூரி இருக்கிறது. ஏற்றுமதியாளர்களே சேர்ந்து உருவாக்கியது, அதனால் கம்பெனிகளோடு நெருக்கம் அதிகம். குறுகிய காலப் பயிற்சி போதும் என்றால் ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்புக் கவுன்சிலின் ஏ.டி.டி.சி. மையங்களை விசாரியுங்கள்.

தனியார் டிப்ளமோவில் சேர்கிறீர்கள் என்றால் பணம் கட்டுமுன் உள்ளே போய் மெஷின்களைப் பாருங்கள். ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் இல்லாமல் வீட்டுத் தையல் மெஷினும் ஒரு கண்ணாடி ஹாலும் மட்டும் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். வருடக் கடைசியில் ரேம்ப் ஷோவுக்கென்று தனியாகப் பணம் வாங்குகிற இடத்தில் படித்த பெண்கள் சிலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். நல்ல உழைப்பாளிகள், ஆனால் ஒரு போலோ ஷர்ட்டின் பட்டன் பட்டி எப்படித் தைப்பது என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. இரண்டு வருடமும் பணமும் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

பொட்டிக், சினிமா காஸ்ட்யூம் எல்லாம் தனிப் பாதைகள், அதில் எனக்கு அனுபவம் இல்லை.

இங்கிலீஷ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பையருக்கு மெயில் எழுதப் பெரிய இங்கிலீஷ் வேண்டாம். எது நிற்கிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்று நினைக்கிறோம், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும். தையல் லைனில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கொஞ்சம் இந்தி பேசினால் வேலை சுலபம். டெய்லர்களையும் கைமடியில் (டெய்லருக்குக் கூடமாட உதவும் வேலை) இருப்பவர்களையும் அண்ணா, அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். துணியில் என்ன பிரச்சினை என்று உங்களுக்கு முதலில் சொல்லப்போவது அவர்கள்தான்.

கஷ்டமும் இருக்கிறது. ஆரம்பச் சம்பளம் ஐ.டி.க்குப் போன நண்பர்களோடு ஒப்பிட்டால் குறைவு. ஷிப்மென்ட் வாரத்தில் வீட்டுக்குப் போக ராத்திரி ஆகும். பெண்கள் சேரும்போது ராத்திரி வண்டி வசதி உண்டா என்றும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். தொழிலும் ஏறி இறங்கும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஆடிப்போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அந்த ஒரு நாட்டை நம்பியிருந்த கம்பெனிகள் தவித்தன. அதனால் சேரும் இடத்தில் எந்தெந்த நாட்டு ஆர்டர் ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சாயக் கழிவைச் சுத்திகரித்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தியாக வேண்டும் என்று ஆனபிறகு, அதையும் ஆர்கானிக் சான்றிதழ்களையும் பார்த்துக்கொள்ளும் சஸ்டைனபிலிட்டி வேலைகள் வந்திருக்கின்றன. கணக்கும் ஆவணமும் பழகிய பி.காம்.காரர்களுக்கு அதுவும் நல்ல இடம்.

இன்டர்வியூவுக்குப் போகும்போது சான்றிதழ் ஃபைலோடு, நீங்கள் பிரித்த டி-ஷர்ட்டின் துண்டுகளையும் பிரவுன் ஷீட்டையும் அளவு எழுதிய தாளையும், பீஸுக்கு எத்தனை கிராம் என்று போட்ட கணக்கையும் கொண்டுபோங்கள். என் மேஜையில் யாராவது அதை விரித்தால் நான் கேட்கும் அடுத்த கேள்வி “எப்போது சேர்கிறீர்கள்?” என்பதுதான். எம்.எஃப்.எம். ஆசை இருந்தால் விண்ணப்பம் வழக்கமாக வருடக் கடைசியில் திறக்கும், தேர்வு பிப்ரவரி வாக்கில் வரும். வேலையில் இருந்துகொண்டே எழுதலாம்.