ஏப்ரல் லீவில் வெளிநாட்டில் கார் ஓட்ட எங்கே போகலாம்?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். பிள்ளைகள் இருவருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் லீவு. அதில் இரண்டு வாரம் ஒதுக்கி, வெளிநாட்டில் நாங்களே கார் ஓட்டிச் சுற்ற ஆசை. எனக்கும் மனைவிக்கும் லைசென்ஸ் இருக்கிறது. 68 வயது அம்மாவும் வருகிறார், சுத்த சைவம். சுவிட்சர்லாந்தா, நியூசிலாந்தா, தாய்லாந்தா என்று வீட்டில் தினமும் பேச்சாக இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: நாடு எது என்பதைக் கடைசியில் பார்ப்போம். நீங்கள் சொன்னதில் மாற்ற முடியாதது அந்த இரண்டு மாதம்தான். அதை வைத்துக் கழித்துக்கொண்டு வந்தால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

சுவிட்சர்லாந்தில் கார் ஓட்டிப் பார்க்க வேண்டியவை ஃபூர்கா, கிரிம்செல் போன்ற மலைக் கணவாய்ச் சாலைகள். ஏப்ரலில் அவை பனிக்கு அடியில் கிடக்கும், பொதுவாக ஜூன் வாக்கில்தான் திறப்பார்கள். மிச்சம் இருப்பது நெடுஞ்சாலையும் சுரங்கப்பாதையும். அதற்கு அந்த நாட்டு ரயிலே மேல். தாய்லாந்தில் ஏப்ரல்தான் கொடும் வெயில் மாதம். பாலக்காட்டு வெயிலுக்குத் தப்பி அங்கே போவதில் அர்த்தமில்லை. தவிர, 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. பாங்காக்கே காலியாகி எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பும் நேரம் அது, சாலை விபத்துகளும் அப்போது கூடும். ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை தொடர் விடுமுறை, அறை கிடைப்பதே பாடு. வளைகுடாவில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்தான், ஆனால் மே மாத வெயிலில் அம்மாவை அங்கே கூட்டிப்போவதை நான் சொல்ல மாட்டேன்.

நியூசிலாந்து மட்டும் இந்தச் சல்லடையில் நிற்கிறது. அங்கே அப்போது இலையுதிர் காலம், பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் ஏப்ரல் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், மாலை ஆறு மணிக்கே இருட்டு. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து குவீன்ஸ்டவுன் 480 கிலோமீட்டர்தான், ஆனாலும் நிறுத்தாமல் ஓட்டினால்கூட ஆறு மணி நேரம் ஆகும். நீண்ட விமானப் பயணம், விசா, செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், முதல் முறைக்கு இது வேண்டாம் என்பது என் எண்ணம்.

அடுத்தது, எந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள் என்பது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வளைகுடாவிலும் வலப்பக்கப் போக்குவரத்து. நேர்ச்சாலையில் ஒரே நாளில் பழகிவிடும். ரவுண்டானாவிலும், ஆளில்லாத சாலையில் பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே திரும்பும்போதும்தான் பழைய கை தன் வழியில் போகும். குடும்பத்தோடு போகும் முதல் பயணத்துக்கு நம்மைப் போல் இடப்பக்கம் ஓட்டும் நாடே நல்லது. இலங்கை, மலேசியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா எல்லாம் அந்த வகை.

இரண்டு வாரம் என்றால் பதினான்கு நாளும் ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம். வந்து இறங்கும் நாள், திரும்பும் நாள், உடம்பு அசந்து கிடக்கும் ஒரு நாள் இவற்றைக் கழித்தால் பதினொன்று மிஞ்சும். ஒரு நாள் ஓட்டினால் மறுநாள் அங்கேயே தங்குவது என்று வைத்துக்கொண்டால் ஓட்டும் நாள் ஆறு. ஆறே நாளில் முடிகிற ஒரு வட்டம், கிளம்பிய ஊரிலேயே காரைத் திருப்பித் தருவதாக இருக்க வேண்டும். வேறு ஊரில் விட்டால் அதற்குத் தனியாகக் காசு வாங்குவார்கள். சிலர் கேட்பதுபோல் சொந்தக் காரிலேயே பூட்டான் போகலாமே என்றால், பாலக்காட்டிலிருந்து எல்லை ஊரான ஜெய்கானைத் தொடவே பல நாள் போய்விடும்.

ஆக, உங்களுக்கு மலேசியா. வீட்டுச் சண்டையில் இல்லாத பெயர் என்று தெரியும். கொச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்பினால் போதும். டிக்கெட் எடுக்கும் முன் இந்தச் சலுகை தொடர்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வட்டம் இப்படி: கோலாலம்பூர், ஈப்போ, கேமரன் மலை, பினாங்கு. அங்கிருந்து கெரிக், ஜெலி வழியாகக் கிழக்கே கோத்தா பாரு. பிறகு கடலோரமாக கோலத் திரங்கானு, குவாந்தான், மறுபடி கோலாலம்பூர். மொத்தம் சுமார் 1,500 கிலோமீட்டர். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிய கைக்கு கேமரன் மலைச் சாலை ஒன்றும் பெரிதில்லை. அங்கே மதியத்துக்கு மேல் மழை பிடிக்கும், அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள். கெரிக் - ஜெலி சாலை காட்டுக்குள் போகிறது, யானை குறுக்கே வரும். இருட்டிய பிறகு அதில் வேண்டவே வேண்டாம். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை கொட்டும், தீவுகளுக்குப் படகு ஓடாது. ஏப்ரல், மே மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். உங்கள் லீவுக்கு இந்தக் கரை பொருந்துவது அதனால்தான்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ், ஈப்போ, பினாங்கில் வாழையிலைச் சாப்பாடு, தமிழில் பேசியே வாங்கலாம். கிழக்குக் கரையில் அப்படி இல்லை. சமையலறை உள்ள வீடாகப் பிடித்து, அரிசியும் பருப்பும் பினாங்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

காகித வேலையை இப்போதே தொடங்கலாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை, அதாவது ஐடிபியை, ஆர்டிஓ அலுவலகம்தான் தருகிறது. சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். உங்கள் பக்கத்தில் பலருக்குக் குடியிருப்பது கேரளம், லைசென்ஸ் எடுத்தது கோவையோ பொள்ளாச்சியோ. முகவரி மாறியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், கடைசி வாரத்தில் அலைய வேண்டாம். இருவர் பெயரிலும் ஐடிபி எடுங்கள், வாடகை ஒப்பந்தத்திலும் இருவரையும் ஓட்டுநராகச் சேருங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது இடித்தால் காப்பீடு கைகொடுக்காது. இன்னொன்று, நம் ஐடிபி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தரப்படுவது. 1968 ஒப்பந்தத்தை மட்டும் ஏற்கும் வியட்நாமில் அது செல்லாது, சீனாவிலும் செல்லாது. அடுத்த பயணத்துக்கு ஞாபகம் இருக்கட்டும்.

கார் எடுக்க கிரெடிட் கார்டு வேண்டும், அதுவும் ஒப்பந்தத்தில் முதலில் உள்ள ஓட்டுநரின் பெயரில். டெபாசிட் தொகையை அதில் முடக்கி வைப்பார்கள், அந்த அளவுக்கு வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். காப்பீட்டில் ‘எக்ஸஸ்’ எவ்வளவு என்று கேளுங்கள், சேதமானால் உங்கள் பையிலிருந்து போகும் தொகை அது. சுங்கச்சாவடிக்கு டச் அண்ட் கோ அட்டை வாங்கிக் காசு போட்டுவிடுங்கள். ஐந்து பேர், பெட்டிகள் என்றால் செடான் பற்றாது, ஏழு இருக்கை வண்டியாகக் கேளுங்கள். சாவி வாங்கியதும் நாலு பக்கமும் சக்கரமும் கண்ணாடியும் தெரிய ஒரு வீடியோ எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.