கேஷ் புக் ஒரு தொகை, வங்கி ஒரு தொகை: ஆடிட் குறிப்புக்கு என்ன பதில் எழுதுவது?

வணக்கம் டாக்டர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொறுப்பேற்ற கொஞ்ச நாளிலேயே ஆடிட் வந்து, நோயாளர் நலச் சங்கக் கணக்கில் (நிலையத்தின் தேவைகளுக்கு வரும் நிதியை வைத்துச் செலவிடும் கணக்கு) கேஷ் புக்கும் வங்கி இருப்பும் ஒத்துப்போகவில்லை என்று எழுதிவிட்டார்கள், அக்கவுண்டன்ட்டிடம் விளக்கம் கேட்கலாமா என்கிறீர்கள். அது அப்புறம். முதலில் ஏப்ரல் 1 முதல் வங்கி ஸ்டேட்மென்ட் எடுத்து, கேஷ் புக்கைப் பக்கத்தில் வைத்து நீங்களே வரிக்கு வரி டிக் போடுங்கள். கொடுத்தும் வங்கிக்குப் போகாத செக், வங்கி வரவு வைத்த வட்டி, பிடித்த கட்டணம், பெரும்பாலும் வித்தியாசம் இவற்றில்தான் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி நீங்களும் அவரும் கையெழுத்துப் போட்டால் பாதிப் பதில் தயார்.

அடுத்து அட்வான்ஸையும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி வேலைக்குக் கொடுத்த முன்பணத்துக்குப் பில் வரும்வரை அது செலவே இல்லை. ஆனால் மார்ச் நெருக்கடியில் அதையும் செலவாகக் காட்டி பயன்பாட்டுச் சான்றிதழ் (வந்த நிதி செலவாகிவிட்டது என்று மேலே தரும் சான்று) அனுப்பிவிடுவார்கள், அதில் கையெழுத்து உங்களுடையது!

மருந்துக் கழகப் பாஸ்புக்கை (அரசு மருத்துவ நிலையங்களுக்கு மருந்து வழங்கும் கழகத்தில் உங்கள் நிலையத்துக்கான ஒதுக்கீட்டுக் கணக்கு) மட்டும் ஃபார்மசிஸ்ட் பொறுப்பு என்று விட்டுவிடாதீர்கள். கழகத்தின் கிடங்கிலிருந்து எடுக்கும் மருந்தின் விலை பொதுவாக உங்கள் ஒதுக்கீட்டில்தான் கழிகிறது, அலமாரியில் காலாவதியாகிற மாத்திரையும் அந்தப் பணம்தான்.