ஒளிப்படம் கேள்வி – பதில்: மூட்டம் கவிந்த நாள்களில் எதைப் படம் எடுப்பது?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படகர் ஊரில்) வசிக்கிறேன். கோடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் படம் எடுக்க ஏதாவது அகப்படுகிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் மழையும் மேகமுமாக வானம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. எடுக்கும் படங்கள் எல்லாம் வெளிறிப்போய் வருவதால் கேமராவைக் கையில் எடுக்கவே மனம் வருவதில்லை. இந்த மாதங்களில் எதைத் தேடிப் போகலாம்?
– வாசகி ஒருவர், கோத்தகிரி

பதில்: நீலகிரியின் கிழக்குப் பகுதியில் இருக்கும் கோத்தகிரியும் குன்னூரும் வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்கிக்கொள்ளும் ஊர்கள் என்பதால் உங்கள் குறை நியாயமானதே. ஆயினும், கோடையில் எடுத்த அதே காட்சிகளை இந்த ஒளியிலும் தேடுவதால்தான் படங்கள் வெளிறுகின்றன என்பது என் எண்ணம். பொருளை முதலில் முடிவு செய்யாமல், அன்றைய ஒளியைப் பார்த்து அதற்கேற்ற பொருளைத் தேடுங்கள்.

ஸ்டுடியோவில் விளக்கின் முன் கட்டும் வெள்ளைத் துணி செய்யும் வேலையை மேகம் மூடிய வானம் செய்கிறது. ஒளி எல்லாப் பக்கங்களிலிருந்தும் பரவி இறங்குவதால் அழுத்தமான நிழல் விழுவதில்லை. உச்சி வெயிலில் கண்குழிகள் இருண்டு தெரியும் ஒரு முதியவரின் முகம், இத்தகைய நாளில் நெற்றிச் சுருக்கம் வரை தெளிவாகப் பதியும். இந்த ஒளிக்குச் சற்றும் ஒத்துவராதது பரந்த நிலக்காட்சி. கோடநாடு காட்சிமுனையில் நின்று பள்ளத்தாக்கையும் வானத்தையும் சேர்த்து எடுத்தால் படத்தின் மேற்பாதி வெற்று வெள்ளையாகத்தான் வரும். ஆகவே கேமராவைச் சற்றுக் கீழே சாய்த்து, வானத்தை விலக்கிவிட்டு, அருகில் இருப்பதைப் பாருங்கள்.

அருகில் இருப்பது ஏராளம். சோலைக்காட்டின் ஓரமாகச் செல்லும் சாலையில் நின்றாலே போதும்; மரத்தண்டுகளில் படர்ந்த பாசியும், லைக்கனும், பெரணிகளும் ஈரத்தில் ஊறி, வறண்ட நாளில் காட்டாத ஆழ்ந்த நிறத்தைக் காட்டும். நனைந்த இலையின் மேல் வானத்தின் வெண்மை பளபளப்பாகப் படிந்திருக்கும். லென்ஸின் முன் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடியான போலரைசர் ஃபில்டரை மெல்லச் சுழற்றினால் அந்த வெண்மை விலகி இலையின் சொந்தப் பச்சை வெளிப்படும். போலரைசர் நீல வானத்துக்கு மட்டுமே உரியது என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அது மழைநாள்களில்தான் மிகுதியாகப் பயன்பட்டிருக்கிறது. அது உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் என்பதால் டிரைபாட் (முக்காலி) அவசியம்.

அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் கேத்தி பாலாடாவுக்குப் போய்வாருங்கள். வயலிலிருந்து மண்ணோடு வரும் கேரட்டை அங்கே இயந்திரத்தில் இட்டுக் கழுவி, மேட்டுப்பாளையம் சந்தைக்கு அனுப்ப மூட்டை பிடிக்கிறார்கள். சாம்பல் நிற வானத்தின் கீழ் அந்தக் குவியலின் செம்மஞ்சள் தனித்து எழும். அதைச் சுற்றி வேலை செய்பவர்களின் கைகளையும் நனைந்த உடைகளையும் இதே மென்மையான ஒளி நன்றாகக் காட்டும். அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்த படத்தை அங்கேயே காட்டுங்கள்.

பனிமூட்டம் இறங்கும் நாளை வீணாக்காதீர்கள். கேமராவின் ஒளிமானி தன்முன் இருக்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்கிடுவதால், வெண்மையான மூட்டத்தை அது அழுக்குச் சாம்பலாக்கிவிடும். நீங்கள் குறிப்பிடும் மங்கலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அளவுக்கு உயர்த்திப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் அருகில் உள்ளது கருமையாகவும், அடுத்தது சாம்பலாகவும், அதற்கப்பால் உள்ளது தடம் மட்டுமாகவும் தெரியும்போது, தட்டையான மூட்டத்துக்குள் தொலைவு தானாகவே உருவாகிறது. தானியங்கி ஃபோகஸ் மூட்டத்தில் தடுமாறும் என்பதால் அருகிலுள்ள மரத்தண்டின் விளிம்பில் நிறுத்துங்கள். மூட்டத்தில் தனியாகத் தோட்டத்துக்குள் போக வேண்டாம். காட்டுமாடும் கரடியும் மிக அருகில் வரும் வரை கண்ணுக்குத் தெரிவதில்லை.

குன்னூர் வரை வரும் மலை இரயிலின் நீராவி எஞ்சினையும் இந்த மாதங்களில்தான் எடுக்க வேண்டும். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் வந்த பாதை இது. ஈரமும் குளிரும் மிகுந்த காற்றில் நீராவி விரைவில் கலைந்துவிடாமல் திரண்டு நிற்கும். நிலச்சரிவால் இரயில் நிறுத்தப்படுவதும் உண்டு என்பதால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

உறைபனியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் அதைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. மேகம் மூடிய இரவில் தரையின் வெப்பம் எளிதில் வெளியேறாது என்பதால் உறைபனி விழுவதில்லை. நீண்ட மூட்டத்துக்குப் பிறகு ஒரு மாலையில் வானம் தெளிந்து, காற்றும் அடங்கி, விண்மீன்கள் தெரிந்தால், மறுநாள் விடியுமுன் எழுந்துவிடுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குவதால்தான் மேட்டில் ஒன்றுமில்லாத அதே காலையில் உதகையின் காந்தல், தலைகுந்தா போன்ற இடங்களில் புல்வெளி வெளுத்துக் கிடக்கிறது. வெயில் தொட்டதும் உருகத் தொடங்கிவிடும் என்பதால், நிழலில் நீலமும் ஒளிபட்ட விளிம்பில் பொன்னிறமும் சேர்ந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் அந்த நீலத்தைக் கேமரா திருத்திவிடக்கூடும். வெயில் அமைப்பில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதே உறைபனிதான் தேயிலைக் கொழுந்தைக் கருக்குகிறது. செடிகளின் மேல் தாகைச் செடிகளைப் பரப்பி மூடும் விவசாயியையும், கருகிப் பழுப்பேறிய தோட்டத்தையும் விட்டுவிட்டு, வெண்மையான புல்வெளியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவது நம் மலையின் குளிர்காலத்தைப் பாதி மட்டுமே சொல்வதாகும்.

கேள்வி: என்னிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது. மேற்சொன்னவற்றை அதில் எடுக்க இயலுமா?
– கல்லூரி மாணவர் ஒருவர், குன்னூர்

பதில்: பெரும்பாலானவற்றை எடுக்கலாம். திரையில் மரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸை நிலைநிறுத்தி, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் மூட்டம் வெண்மையாகவே பதியும். விரலால் பெரிதாக்காமல் நடந்து நெருங்குங்கள். லென்ஸின் மேல் படியும் நீர்த்துளிகளைப் பருத்தித் துணியால் அடிக்கடி துடையுங்கள்.

கேள்வி: குளிரில் எடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் லென்ஸ் வியர்க்கிறது. பூஞ்சை பிடிக்குமோ என்று அஞ்சுகிறேன்.
– வாசகர் ஒருவர், உதகை

பதில்: அச்சம் சரியானதே. வெதுவெதுப்பான அறையின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. உள்ளே வருவதற்கு முன்பே கேமராவை பாலித்தீன் பைக்குள் இட்டு வாயைக் கட்டிவிடுங்கள். அறையின் வெப்பத்துக்கு அது வரும் வரை பிரிக்க வேண்டாம், நீர் பைக்கு வெளியேதான் படியும். குளிரில் பேட்டரி விரைவில் தளரும் என்பதால் மாற்று பேட்டரியை ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தோல் உறையில் கேமராவை மாதக்கணக்கில் பூட்டிவைப்பதுதான் பூஞ்சைக்கு வழி திறக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் நீல நிறச் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைத்து, அந்த மணிகள் இளஞ்சிவப்பாக மாறியதும் அவற்றைச் சூடாக்கி உலர்த்தி, மீண்டும் நீலமானபின் திரும்ப இடுங்கள்.